பெயரை மட்டும் எடுத்துடுங்க சார்

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நாமக்கல் வீட்டுக்கு அழைத்து வந்ததும், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். கெங்கவல்லிப் பக்கத்துக்காரி. முதல் நாளே அம்மாவை நோகாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"இஸ்ரேல்ல அஞ்சு வருஷம் ஒரு வயசான அம்மாவைப் பாத்துக்கிட்டேன் சார். சண்டை வந்ததும் திரும்பிட்டேன்" என்றாள்.

போரிலிருந்து தப்பி வந்தவளைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் நான். அந்தப் போர் தொடங்கியதிலிருந்து பாலஸ்தீனர்களுக்காக முகநூலில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய கருத்துகளை இன்றும் தவறென்று நினைக்கவில்லை. ஆனால் தினமும் மாலையில் டீ குடிக்க வரும் நண்பரை வாதத்தில் மடக்குவதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் கோழிப்பண்ணைக்காரர், வாதத்தில் இஸ்ரேல் பக்கம். எங்கள் இருவரில் யாரும் அந்த நாடு இருக்கும் திசைக்குக்கூடப் போனதில்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி கிடைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வாக்குவாதம் சூடாக இருந்தபோது, அவளைப் போர்டிகோவுக்குக் கூப்பிட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீயே சொல்லு அம்மிணி" என்றார் நண்பர். "கண்ணுல பாத்தவ நீ. ஊட்டுக்குள்ள பூந்து கொன்னா அவன் சும்மா இருப்பானா?"

"அதுக்காக ஊரையே இடிச்சுக் கொழந்தைகளைக் கொல்றது நாயமாங்க?" என்றேன் நான், அவளைப் பார்த்தே.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு அரசியல் தெரியாது சார். நான் பாத்துக்கிட்ட அம்மாவோட பேரன் மொத நாளே செத்துட்டான். ஒரு வாரம் அந்தம்மா வாயே தொறக்கல. சைரன் அடிச்சா சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு ஓடுவேன். அவங்களைத் தப்பாப் பேசினா எனக்குத் தாங்காது சார். அந்தப் பக்கத்துலயும்..."

நான் முடிக்க விடவில்லை. "அவங்க சோத்தைத் தின்னவ வேற எப்படிப் பேசுவே?"

நண்பர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவள் முகம் மாறவில்லை. "அடுப்புல கஞ்சி இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா படுக்கையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அந்தப் புள்ள என்னமோ சொல்ல வந்துச்சு. நீ உடல" என்றார், இரவு நான் சாப்பாடு கொடுத்தபோது. எங்கள் வீட்டுச் சோற்றையும்தான் அவள் அப்போது தின்றுகொண்டிருந்தாள். அது எனக்கு அடுத்த நாள் காலையில்தான் உறைத்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் புடிங்க சார்" என்றாள். பிடித்தேன். நேற்று என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கக் காஸாவிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தாராம். லிஃப்ட் பழுதான ஒருநாள், அந்த அம்மாவை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கி இறக்கியிருக்கிறார். இவளைத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் அவர்கள் பாஷையில் கூப்பிடுவாராம். சண்டை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறாள். போனைக் காட்டினாள். வரிசையாக எல்லாவற்றிலும் ஒற்றை டிக். போய்ச் சேரவே இல்லை.

நான் வருத்தத்தோடுதான் கேட்டேன். ஆனால் அன்று மதியம் கல்லூரியில் உட்கார்ந்து அதை எழுதிப் போட்டுவிட்டேன். அவள் சொன்ன அந்தப் பெயின்டரின் பெயர், ஊர், எங்கே வேலைக்குப் போனார் என்பது உட்பட. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் யாரோ பகிர்ந்தார்கள். கண் கலங்கியதாக எழுதினார்கள். மாலையில் நண்பர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, பாவந்தான்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் கதவோரம் வந்து நின்றாள். யாரோ அவளுக்கே அதை அனுப்பியிருந்தார்கள்.

"அந்த அண்ணன் உயிரோட இருந்தார்னா, இதைப் பாத்துட்டு, காஸாக்காரருன்னு இந்தப் பக்கமோ, இஸ்ரேல்காரங்களுக்கு ஒத்தாசை பண்ணினவருன்னு அந்தப் பக்கமோ யாராவது அவரை ஏதாவது செஞ்சுடுவாங்க சார். பேரை மட்டும் எடுத்துடுங்க."

இவ்வளவு வரலாறு படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பதிவையே அழித்தேன். அதற்குள் பலர் நகலெடுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சிலர் நீக்கினார்கள். ஒருவர், உண்மையை மறைக்கச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டார். ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அதன்பின் என் எதிரில் அவள் போனை எடுக்கவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடந்த மறுவாரம், "வாரேன்மா" என்று அம்மா பேசுவதைப் போலவே சொல்லி, அவர் கையைப் பிடித்துவிட்டுக் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

அம்மா இப்போதும் அவளோடு போனில் பேசுகிறார். பெயின்டரைப் பற்றித் தகவல் ஏதும் வந்ததா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குது சாமி" என்றார் அம்மா.