புளியமரத்தைத் தாண்டி வந்த விளக்கு

போன வாரம் மாத்திரை டப்பாவிலிருந்து ஒரு குட்டிப் பொட்டலம் விழுந்தது. ஈரத்தை உறிஞ்சும் மணிகள். குப்பையில் போட மனசு வரவில்லை. எங்கள் காலத்தில் அந்த மணிகள் நீலமாக இருக்கும். ஈரம் ஏறினால் ரோஸ் நிறமாகிவிடும். வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்குவோம். என் சமையல் திறமை அதோடு சரி.

அது கல்வராயன் மலையில், என் முதல் வேலையின்போது. ஓடு வேய்ந்த கொட்டகைக்குள் ஒரு நீளமான கருவி. சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும். அதற்குள் ஈரம் ஏறாமல் காக்கத்தான் அந்த மணிகள். அந்த அளவை வைத்து மேலே ஓசோன் எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். நாங்கள் என்றால் நானும் செல்வராசுவும். அவர் நைனார்பாளையத்துக்காரர். கருவியோடு பேசுவார். நான் கிண்டல் செய்வேன். அவர் இல்லாதபோது நானும் பேசுவேன்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஒளி அளவுகள் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தன. மாறியது வானமா, கருவியா? அதைச் சொல்ல ஒரு விளக்கு உண்டு. அதன் ஒளி எவ்வளவு என்பது முன்பே தெரியும். கருவி குறைத்துக் காட்டினால் கோளாறு கருவியில்தான். எங்கள் விளக்கோ எரிந்து போயிருந்தது. சோதித்துக் காட்டாவிட்டால் அந்த வருட வேலை முழுக்கக் குப்பை, நிலையத்தையும் மூடிவிடுவோம் என்றார் சென்னையிலிருந்த எங்கள் தலைவர். செல்வராசு புது விளக்கு வாங்கிவரச் சென்னைக்குப் போனார்.

அவர் திரும்பும் நேரத்தில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சாலைக்கு வந்துவிட்டது. மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை என்றார்கள். கொட்டகையில் போன் கிடையாது. ரேடியோ சொன்னதைவிடக் கீழேயிருந்து வந்தவர்கள் சொன்னது பயங்கரமாக இருந்தது. நீலமாகவே இருந்த மணிகளைத் திரும்பத் திரும்ப வறுத்தேன்.

வர வேண்டிய நாள் தாண்டி, ஒரு மதியம், வளைவில் ஒரு ஆள் நடந்து வந்தார். நெஞ்சோடு அணைத்த மரப்பெட்டி. ஓடினேன்.

"லாம்பு ஒடயலங்க" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

"அதை யாரு கேட்டா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்காதவர் போல விழித்தார். பிறகு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சிக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டதாம். இறங்கி நடந்தவரை, வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தருகே ஒரு கூட்டம் மறித்தது.

"இன்னாய்யா பொட்டியில?"

"லைட்டுங்க."

"கடையில கெடைக்காத லைட்டா? தொற."

திறந்தால், பஞ்சுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். எதற்கென்று செல்வராசு சொல்லியிருக்கிறார். முன்னால் நின்றவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"மிஷினு சரியா காட்டுதான்னு பாக்கவா இம்மாந்தூரம் தூக்கிக்கினு வர?"

"ஆமாங்க. இது ஒடஞ்சா ஒரு வருச வேல வீணு."

கேட்டவர் பெட்டியைத் தானே மூடினாராம். "டேய், குலுக்காம வாங்குங்கடா!" மரத்தின் மேல் நின்றவர்களிடம் கைமாறிக் கைமாறிப் பெட்டி போனது. செல்வராசு கிளைகளுக்கடியில் தவழ்ந்து வெளியே வருவதற்குள் விளக்கு மறுபக்கம் காத்திருந்தது.

"திருப்பி வாங்குனதும் மொதல்ல தொறந்து பாத்தங்க" என்றார்.

மறுநாளே விளக்கை ஏற்றிப் பார்த்தோம். கருவி குறைத்துத்தான் காட்டியது. ஆனால் எல்லா நிறத்திலும் ஒரே அளவுக்கு; அப்படியென்றால் கோளாறு உள்ளே இல்லை, ஒளி வரும் வழியில்தான். வெளிச்சம் நுழையும் கண்ணாடியில், ஈரத்தில் படிந்த மெல்லிய பூசணம். துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் சரியாக நின்றது. எவ்வளவு குறைந்திருந்தது என்று தெரிந்துவிட்டதால் பழைய அளவுகளைத் திருத்திக்கொள்ள முடிந்தது. வருடம் பிழைத்தது, நிலையமும் பிழைத்தது. அன்று இருவரும் சும்மா வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

சில வருடங்களில் செல்வராசு வேறு வேலைக்கு வடக்கே போய்விட்டார். பொங்கல் வாழ்த்து வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அளக்கும் வேலையைச் செயற்கைக்கோள்கள் எடுத்துக்கொண்டன. போன வருடம் மலைக்குப் போனபோது கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நின்றது. அதன் நிழலில் ஒரு பெண், மலையேறிக்கொண்டிருந்த யாரையோ அழைத்து, "எங்க வந்துக்கினு இருக்க?" என்று கேட்டாள். அவளுக்கு உடனே பதில் கிடைத்துவிட்டது.