முன்பக்கத்துக்கு மட்டும் வெளிச்சம்

வீட்டுக்கு வெளியே லைற் போட வேண்டும் என்று அண்ணை கனடாவிலிருந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இணுவிலில் நாங்கள் இருக்கும் இந்த வீட்டுக்குப் பல வருடமாக விறாந்தையில் ஒரேயொரு பல்ப்தான். அதை நம்பித்தான் நானும் மனைவியும் மகளும் இருட்டில் செருப்புத் தேடுவோம். வீடு அண்ணையின் பெயரில் இருக்கிறது. அதில் குடியிருந்து, ஓடு மாற்றி, மதில் கட்டிப் பார்த்துக்கொண்டவன் நான். "உந்த வீடு உன்ரை பெட்டைக்குத்தானே. கலியாணம் சரிவந்தால் சீதனமா எழுதிவிடுறன்" என்று மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே சொல்லிவந்தார். நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

இந்த முறை அவர் குரலில் அவசரம் தெரிந்தது. "வீடு பாக்க ஆக்கள் வருகினம். முன்பக்கம் வடிவா இருக்கோணும்" என்றார்.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கிறார்களோ இல்லையோ, வீடு வளவைப் பார்க்காமல் விடமாட்டார்கள். அதனால் அண்ணை சொன்னது எனக்கு ஒரே விதமாகத்தான் விளங்கியது. "ஆர் ஆக்கள்?" என்று கேட்டேன். "நல்ல ஆக்கள், லண்டனிலை இருந்தவை" என்றார். மேலே துருவிக் கேட்டால் வருகிற சம்பந்தம் குழம்பிவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். மனைவி அன்றைக்கே மகளின் சேலைகளை வெளியே எடுத்துவிட்டாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருநெல்வேலியில் லைற் விற்கும் கடையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். அண்ணை அங்கிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்தார். கேற் தூண்களுக்கு இரண்டு கண்ணாடி விளக்கு. வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம், எல்லாம் மஞ்சளே வேண்டுமாம். வேப்பமரத்தடியில் நிலத்தில் பதிக்க ஒன்று. மரத்துக்கு எதற்கு வெளிச்சம், அது எங்கேயும் எழுந்து போவதில்லையே என்று கேட்டேன். "உனக்கு விளங்காது" என்றார். மனைவி பலகாலமாக ஆசைப்பட்டதைச் சொன்னேன்: கிணற்றடிக்கு ஒன்று.

"பின்பக்கத்தை ஆர் பாக்கப் போகினம்? விடு" என்றார் அண்ணை.

அதை மனைவியிடம் சொன்னபோது, "உங்கடை அண்ணைக்குக் கிணத்தடி வீட்டிலை சேர்த்தி இல்லையோ?" என்று கேட்டாள். நான் அவளைத்தான் அடக்கினேன்.

அவர்கள் ஒரு சனிக்கிழமை, இருட்டத் தொடங்கும் மைமல் பொழுதில் வந்தார்கள். நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும், கூடவே ஒரு தரகர். எல்லா லைற்றையும் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், வீடு அவ்வளவு வடிவாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பெருமையாகத்தான் நின்றேன்.

"இஞ்சருங்கோ, மாப்பிள்ளை வரேல்லையோ?" என்று மனைவி காதுக்குள் கேட்டாள். "முதல்லை வளவைத்தான் பாப்பினம்" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

அவர்கள் எத்தனை பரப்புக் காணி என்று கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் உவரோ என்று கேட்டார்கள். மகள் சேலையோடு தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது வந்திருந்த பெண் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, முகத்தை நிமிர்ந்தும் பார்க்காமல், "அதிலை வைச்சிட்டுப் போங்கோ பிள்ளை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் எப்ப எழும்புவியள்?"

எனக்கு விளங்கவில்லை. தரகர் விளங்கப்படுத்தினார். வீடு விலை பேசியாகிவிட்டதாம். இருக்கிற ஆட்கள் பிரச்சினை இல்லாமல் விட்டுப்போவார்கள் என்று அண்ணை சொல்லியிருக்கிறாராம். அந்தப் பெண் கேற் விளக்குகளைக் காட்டி, "இதுகளைக் கழட்டிக்கொண்டு போகமாட்டியள்தானே?" என்றாள்.

அவர்கள் போனதும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். கூடப் பிறந்தவன் என்ற எண்ணமே எனக்கு அப்போது அருவருப்பாக இருந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஆறுதலாகக் கேட்டார்: "வீடு பாக்க வருகினம் எண்டு சொல்லிப்போட்டுத்தானே செய்தனான்? நீ வேறை என்னத்தை நினைச்சனி?"

ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் நின்றாள், சேலையை இன்னும் மாற்றவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதை அவளுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.