கடற்கரைக்குப் போன காகச் சோறு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில் தொடங்கியது இது. கொழும்பு வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் மாடிக் குடியிருப்பு. வாசலுக்கு எதிரே பெரிய வாகை மரம். அந்த முறை கொக்குகள் கூட்டமாக வந்து அதில் கூடு கட்டின. ஐயோ, அந்த எச்சமும் நாற்றமும்! காயப்போட்ட உடுப்பைத் திரும்பத் தோய்த்தே என் கை தேய்ந்தது.

நல்ல காலம், ஒழுங்கையில் இருந்தவர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகள். மரத்தின் கீழே நிற்கும் ஓட்டோக்காரத் தம்பி வண்டியை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார். விழும் குஞ்சுகள் தார் ரோட்டில் அடிபடாமல் இருக்கக் கீழ் வீட்டுக்காரர்கள் பழைய மீன்வலையை விரித்துக் கட்டினார்கள். அந்தக் குஞ்சுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் குஞ்சுகள் குறைந்துகொண்டே போயின. காகங்கள் தூக்கின. அதுவும் சனிக்கிழமைகளில் அநியாயம். காரணம் வேறு யாருமில்லை, நாங்களேதான். சனிக்கிழமை என்றால் எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளில் விரதம். காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. பல்கனிக்குப் பல்கனி சோறு வைத்து "கா, கா" என்று கூப்பிட்டால் வெள்ளவத்தைக் காகம் முழுவதும் எங்கள் வீட்டு விருந்தாளிதான். சோறு முடிந்ததும் அப்படியே மரத்துக்குத் தாவிவிடும்.

எல்லோரையும்விடப் பக்தியாக வைப்பவர் மூன்றாம் மாடி அக்கா. அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஏழரைச் சனி என்று யாரோ சொல்ல, சனி தவறாமல் எள்ளுச் சாதம் வைத்துவந்தார். அவரிடம் போய் யார் சொல்வது? ஒரு சனிக்கிழமை என் கண் முன்னாலேயே காகம் ஒரு குஞ்சைக் கொத்தி இழுத்தது. வந்த கோபத்தில் படியேறிப் போனேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எங்கட சோத்துக்கு வாற காகம்தான் குஞ்சுகளைத் தூக்குது."

அவர் முகம் செத்துப்போனது. "நான் அவருக்காக வைக்கிறன் பிள்ளை. அதை எப்பிடி விடுறது?" என்றார். யன்னலால் மரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு உயிரைக் காப்பாத்த வைக்கிற சோத்தால இன்னொரு உயிர் போகுதெண்டால், அது என்ன விரதம்?" என்றார். என் வாயைத் திட்டிக்கொண்டே இறங்கி வந்தேன்.

அடுத்த சனி மதியம், வாழையிலைப் பொட்டலமும் குடையுமாக அக்கா கீழே இறங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "நான் கடற்கரைக்குக் கொண்டுபோறன். உங்கட சோத்தையும் தாங்கோ." அவர் கேட்டால் யார் மறுப்பது? "அக்கே, ஏறுங்க, வெயில் சரியான சூடு," என்று ஓட்டோத் தம்பி பொட்டலங்களை வாங்கி ஏற்றினார். அவர் சிங்களவர், காகத்துக்கு வைக்கும் வழக்கமே அவருக்கு இல்லை. போகப்போக நாங்களும் கூடப் போனோம். சனி மதியம் ரயில் பாதையைக் கடந்து போகும் எங்கள் குடை ஊர்வலத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. காகங்களும் எங்களோடு கடற்கரைக்குப் பழகிவிட்டன. கூடுகள் தப்பின.

அக்காவின் கணவர் தப்பவில்லை. மாசியில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியை வீட்டில் நடந்தது. நிறையச் சொந்தக்காரர். படைத்த சோற்றைக் காகம் எடுத்தால்தான் பந்தி. கணவரின் அண்ணன் இலையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

"அங்க வேண்டாம் அத்தான். பிந்திப் பொரிச்ச குஞ்சுகள் இன்னும் பறக்கேல்ல," என்றார் அக்கா.

"இண்டைக்குமா? ஒரு நாள்தானே, விடும். ஆக்கள் பசியோட இருக்கினம்."

"அவரும் கடைசி வரைக்கும் யன்னலால அதுகளைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர்." அவ்வளவுதான். இலையை வாங்கிக்கொண்டு அக்கா படியிறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கடற்கரையில் ஒரு காகம் இல்லை. அன்று புதன்கிழமை! சனிக்கிழமைக்கு நாங்களே பழக்கிவிட்ட காகங்கள் புதன்கிழமை அங்கே ஏன் வரப்போகின்றன? அக்கா "கா, கா" என்று கூப்பிட்டார். மணல் கொதித்தது. "வீட்ட போவமா அக்கா?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். நாங்களும் கூப்பிட்டோம். ஓட்டோத் தம்பி எல்லோரையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டார். ரயில் பாதைப் பக்கமிருந்து ஒரே ஒரு காகம் வந்தது. சுற்றிப் பார்த்தது. ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற அக்கா, மணலில் உட்கார்ந்து அழுதார்.

அந்தப் பங்குனி முடிவதற்குள் கடைசிக் குஞ்சும் பறந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது என்னிடம் "ஒரு நாள்தானே, விடுங்கோ" என்றால், கொதிக்கும் மணலில் இலையோடு நின்ற அக்காதான் என் கண்ணுக்குள் வருகிறார். என்னால் விட முடிவதில்லை.