வானவன்நல்லூர்த் தெப்பம்

வானவன்நல்லூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நரசிம்மனை நிறுத்த முடியாது. சிட்னிக்கு வந்த நாளாய் ஹோம்புஷ் பிளாட்டில் அதே பாட்டுதான். சோழன் ஏரி வெட்டினான், கரையில் பெருமாளுக்குக் கோயில் எடுத்தான், பூஜை முறையை நரசிம்மனின் முன்னோருக்குச் சூரிய சந்திரர் உள்ளவரை எழுதிக் கொடுத்தான். சந்தேகமிருந்தால் போய்க் கல்வெட்டைப் பாருங்கள். கேட்கிறவர்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

மாசியில் ஏரியில் தெப்பம். பெருமாளோடு தெப்பத்தில் ஏறி உட்காரும் உரிமை முறைக்கார அர்ச்சகருக்கு மட்டுமே. அப்பாவுக்குப் பிறகு அந்த இடம் தனக்குத்தான் என்று நரசிம்மன் நம்பிக்கொண்டிருந்தான். பிழைப்பு சிட்னியில், கட்டட வரைபடம் போடும் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை லீவு போட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதாதா?

போதவில்லை. அப்பா போன மறு வருஷம், எழுபத்தாறு மாசியில், ஊருக்குப் போனான். கருவறை வாசலில் சித்தப்பா மகன் பார்த்தசாரதி கையை நீட்டி மறித்தான்.

"உள்ளே வராதேடா. சமுத்திரம் தாண்டினவன் பெருமாளைத் தொடப்படாது."

"பிராயச்சித்தம் பண்ணிக்கறேன்டா."

"இதுக்குப் பிராயச்சித்தமே கிடையாது."

அன்று பெருமாளோடு பார்த்தசாரதி தெப்பம் ஏறினான். நரசிம்மன் கூட்டத்தோடு கரையில் நின்று பார்த்தான். அழுகை வந்தது, ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது. சாஸ்திரம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு விமானம் ஏறினான்.

சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில் பகுதியில், ஜெயரட்ணம் என்பவரின் வீட்டு கராஜில் சில தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமைகளில் கூடிக் கும்பிட்டு வந்தன. நரசிம்மன்தான் பூஜை. முதலில் விக்கிரகத்தைத் தொடவே கை கூசியது. "இந்தப் பெருமாளும் பிளேன்ல வந்தவர்தானே, அவருக்கென்ன?" என்றாள் மனைவி வைதேகி. மாசியில் குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பலகையில் பெருமாளை மிதக்கவிட்டான். சிரித்தவர்களை முறைத்தான். ஏரி இல்லைதான். ஆனால் இங்கே மறிக்க ஆளில்லை.

எழுபத்தொன்பதில் ஜெயரட்ணம் பெரிய ஹால் ஒன்றைப் பிடித்தார். இனி நிரந்தர அர்ச்சகர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, தன்னைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று நரசிம்மன் காத்திருந்தான்.

"நீங்கள் வேலைக்குப் போற ஆள்," என்றார் ஜெயரட்ணம். "அதுதான் உங்கட ஊருக்கே எழுதிக் கேட்டனாங்கள். நீங்கள் சொல்லிச் சொல்லித்தானே அந்தப் பரம்பரையின்ர பெருமை எங்களுக்குத் தெரியும். உங்கட சொந்தக்காரராம், வாற கிழமை வாறார்."

விமான நிலையத்தில் பஞ்சகச்சத்துக்கு மேல் கம்பளிச் சட்டையோடு பார்த்தசாரதி வந்து இறங்கினான். வாயைக் கொடுத்து வரவழைத்தது தான்தான் என்பது நரசிம்மனுக்கு உறைத்தது.

அடுத்த மாசித் தெப்பம். வழக்கம்போல நரசிம்மன் தீர்த்தச் சொம்போடு, ஹாலில் தொட்டியை மறைத்துக் கட்டியிருந்த திரைக்குள் காலை வைக்கப் போனான். அதே கை நீண்டது.

"வெளியிலேயே இரு."

"நீயும் கடல் தாண்டித்தானேடா வந்தே?"

"நான் பெருமாள் கைங்கர்யத்துக்கு வந்தேன். நீ வயித்துப் பிழைப்புக்கு வந்தே."

நரசிம்மன் திரும்பி ஜெயரட்ணத்தைப் பார்த்தான். மூன்று வருஷம் அவன் கையால் தீர்த்தம் வாங்கிக் குடித்தவர்.

"ஓம், ஐயர் சொல்றதும் சரிதானே," என்றார் அவர். "நீங்கள் இங்கால வந்து நில்லுங்கோ."

வைதேகி வெடுக்கென்று எழுந்து வெளியே போனாள். அவனுக்கு அந்தத் துணிச்சலும் இல்லை.

"தொட்டியில ஜலம் போறலை, கொண்டு வா," என்றான் பார்த்தசாரதி. நரசிம்மன் வாளியில் கொண்டுவந்து, திரையைத் தாண்டிக் கால் வைக்காமல், கையை மட்டும் நீட்டி ஊற்றினான்.