பழகிய மீன்

போன வாரம் பரமக்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவள் செல்வி. இரண்டே வரி. கணவர் மாரியப்பன் இறந்துவிட்டார். ஊருக்கு வந்த பிறகு கடைசிவரை மாத்திரையைத் தொடவே இல்லை.

யார் இந்த மாரியப்பன்? மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை தூக்கியவர். மலையாளம் சுத்தமாகத் தெரியாது. போன மழைக்காலத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. டி.பி.! ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனது யார்? அடியேன்தான். இருபது வருடமாகக் கொச்சியில் இருக்கிறேன்... இரண்டு பாஷையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

டாக்டர் மாத்திரை எழுதினார். விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார். நாங்கள் எழுந்தபோது ஒன்று சேர்த்துக்கொண்டார்: "பழகிய மீன் கழிக்கருது, கேட்டோ."

மலையாளத்தில் 'கழிக்க' என்றால் சாப்பிட. புதிதாக வருகிறவர்கள் சறுக்கி விழுகிற இடம். நான் சறுக்குவேனா? கம்பீரமாக மொழிபெயர்த்தேன்: "பழகிய மீன் சாப்பிடக்கூடாதாம்."

"ஊர்ல தின்ன சாளை, கெளுத்தி எல்லாமா சார்?" – செல்வி கேட்டாள்.

"டாக்டர் சொன்னா காரணம் இருக்கும்மா. சொன்னபடி கேளு."

கேட்டாள், பாவி மகள். மூன்று மாதம் வீட்டில் மீன் வாசனையே இல்லை. 'நாக்கு செத்துப்போச்சு' என்று அவர் கெஞ்சவும், பிறந்ததிலிருந்து அவர் தொட்டே பார்க்காத மீனாகத் தேடிப் போனாள். சூரை கிடைத்தது. காலையிலிருந்து வெயிலில் கிடந்த சூரை.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது. தலை வெடிக்கிற வலி, நெஞ்சு படபடப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் அடங்கியது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாள்பட்ட மீனில் ஹிஸ்டமின் என்று ஓர் அமீன், ஒருவகை ரசாயனம், ஊறிவிடுமாம். கொஞ்சம் உள்ளே போனால் பரவாயில்லை. உடம்பிலுள்ள சில என்சைம்கள் அதை உடைத்து, வேறு பொருளாக மாற்றி, சிறுநீரில் தள்ளிவிடும். ஆனால் இந்த டி.பி. மாத்திரை, கிருமியைக் கொல்கிற கையோடு அந்த என்சைம்களையும் முடக்கிப் போடுகிறது. உடைக்க ஆளில்லாத அமீன் ரத்தத்தில் ஏறிவிடுகிறது.

"ஞான் அன்னே பறஞ்ஞதல்லே?" என்றார்.

அன்றைக்கே சொன்னார்தான். மலையாளத்தில் 'பழகிய' என்றால் நாள்பட்ட, கெட்டுப்போன. எனக்கா தெரியாது? தெரியும். தமிழ் மாதிரியே காதில் விழுந்ததால் யோசிக்கவே இல்லை. சே!

மறுநாள் சுள்ளிக்கல்லில் அவர்கள் குடியிருந்த அறைக்கு ஓடினேன். மாத்திரைகள் வாசல் சாக்கடையில் கிடந்தன.

"அந்த மருந்துதான் சார் விஷம். பழகுன மீனு ஒரு துண்டுகூட நான் குடுக்கலையே!" என்று செல்வி அழுதாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, மீன்தான் காரணம், மாத்திரையை விட்டால் உயிர் தங்காது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பாயில் படுத்திருந்த மாரியப்பன் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னைக்கும் இப்படித்தானே சார் அடிச்சுச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டே நாளில் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

ஒரு வார்த்தையால் உயிர் போகுமா என்று கேட்பீர்கள். போகும் – ஏழு மாதம் இருமி இருமிப் போகும்.