காவி இல்லாத மார்கழி

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கார்த்திகைக் கடைசியில் அம்மா, வீட்டிலிருந்த காவிக்கல் முழுவதையும் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டாள். மார்கழி பிறந்ததும் தெருவில் எல்லா வாசலிலும் கோலம் போட்டுச் சுற்றிலும் காவி பூசினார்கள். எங்கள் வாசலில் வெறும் கோலம். ஏன் என்று கேட்டவர்களிடம், "தீந்து போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்துவிடுவாள். இரண்டு நாள் கிணற்றுத் தண்ணீர் சிவப்பாக வந்தது. அதற்கு அவள் ஒரு காரணமும் சொல்லவில்லை.

காரணம் அப்பா. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தார்.

வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்தச் சண்டையில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் பகை கிடையாது. ஆனாலும் சண்டை எங்கள் நிலத்துக்கு வந்துவிட்டது. ஆவடிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரைக் காணி இருந்தது. ஒரு கிணறு, அதன்மேல் ஒரு ஏற்றம், ஓரத்தில் ஒரு பூவரச மரம். ஒருநாள் சங்கிலி வைத்து அளந்தார்கள், மறுநாள் கொடி நட்டார்கள், பதினைந்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். பட்டாளத்துக்குக் கொட்டகை போட வேண்டுமாம். கத்தரி அப்போதுதான் பூவெடுத்திருந்தது. இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று அப்பா கேட்டதற்கு, ஜப்பான்காரன் ஒரு மாதம் பொறுப்பானா என்று திருப்பிக் கேட்டார்களாம்.

அந்த ஏற்றத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. நீண்ட மரம் ஒன்றின் மேல் சித்தப்பா முன்னும் பின்னும் நடப்பார். மரம் தாழும்போது, அதன் முனையில் கழியோடு தொங்குகிற சால் கிணற்றுக்குள் இறங்கும். உயரும்போது தண்ணீரோடு வரும். அப்பா அதைப் பிடித்துச் சாய்த்து வாய்க்காலில் ஊற்றுவார். ஒவ்வொரு சாலுக்கும் எண்ணிக்கை உண்டு. ஒன்று என்று எங்கள் வீட்டில் தொடங்குவதில்லை. முதல் சாலுக்குப் பிள்ளையார் பெயர். புள்ளையாரே, ரெண்டு, மூணு என்று அறுபது வரை போகும். அறுபதானால் ஒரு பாத்தி நிறைந்தது. நான் மண்ணைப் போட்டு அந்தப் பாத்தியின் மடையை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். மறுபடியும் புள்ளையாரே. ஐந்து வயதிலிருந்து அது என் உத்தியோகம். மண்வெட்டி என் உயரம் இருந்ததால் பாதி நேரம் கையாலேயே அடைப்பேன்.

நிலம் போனதும் அம்பத்தூரில் அம்மாவின் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சித்தப்பா பட்டாளத்து வேலைக்குப் போனார். எங்கள் நிலத்திலேயே கொட்டகை போடுகிற வேலை என்பதால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பா எதைப் பற்றியும் பேசுவதில்லை. மாமாவின் வயலில் கூடமாட வேலை செய்வார், போட்டதைச் சாப்பிடுவார், படுப்பார். ஒருநாள் விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல்போர் ஓரமாகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வெயில் முதுகில் சுடும்வரை திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

முதலில் பார்த்தவர் மாமா. அவர் பஜனைக் கோயிலில் ஜால்ரா போடுகிறவர். எத்தனையோ வருஷமாக ஒரு மகானைத் தேடிக்கொண்டிருந்தார். திருநின்றவூர், வேப்பம்பட்டு வரை போய்ப் பார்த்தும் மனதுக்குப் பிடித்தமாக யாரும் கிடைக்கவில்லை. சொந்த மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலேயே ஒருவர் கிடைத்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மேற்க பாத்து உக்காந்துகினு கீறாரு, கவனிச்சியா அக்கா? சம்சாரிங்க கெழக்க பாத்துதான் உக்காருவாங்கோ. புள்ளையாரே, புள்ளையாரேன்னு உதட்ல வருது. நடுவுல வாய்க்குள்ளயே இன்னாவோ சொல்றாரு. அது ரகசியம். நம்ம காதுல வுழக் கூடாது."

அம்மாவுக்குப் பழசு நினைவு வந்தது. அவளுடைய பெரியப்பா ஒருவர் இப்படித்தான் ஆறு மாதம் கண்மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் காவி வேட்டி கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போனார். திரும்பி வரவேயில்லை. அவர் மனைவி சாகும்வரை தினமும் ஒரு ஆளுக்கு அதிகமாகவே உலை வைத்தாளாம். அதை நேரில் பார்த்து வளர்ந்தவள் அம்மா. நிலம் போனதைக்கூட அவள் ஒருவாறு தாங்கிக்கொண்டாள். புருஷனும் போய்விடுவாரோ என்ற பயத்தை அவளால் தாங்க முடியவில்லை. காவி இல்லாவிட்டால் வேட்டியில் எதைத் தோய்ப்பார், வேட்டி தோய்க்காவிட்டால் எப்படிச் சாமியாராவார் என்று அவள் கணக்குப் போட்டாள். கிணறு சிவந்தது அதனால்தான்.

அது போதாதென்று எனக்குக் காவல் உத்தியோகமும் கொடுத்தாள்.

"கூடவே உக்காரு. அவரு எழுந்தா ஓடியாந்து சொல்லு. தெருக்கோடிக்குப் போனாக் கூட சொல்லு."

உட்கார்ந்தேன். முதல் நாளே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்பா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். புள்ளையாரே, ரெண்டு, மூணு என்று உதடு முணுமுணுத்தது. மடிமேல் இருந்த கைகள் சாலைச் சாய்க்கும்போது திரும்புகிற மாதிரி லேசாகத் திரும்பின. முகம் மேற்கே பார்த்திருந்தது. ஆவடி அந்தப் பக்கம்தானே இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்தேன் என்பதில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பா இறைப்பதும் நான் மடை திருப்புவதும் எனக்குப் புதிய சேதி அல்ல.

அதனால் நான் என் பழைய வேலையில் சேர்ந்துகொண்டேன். அவருக்கு முன்னால் ஈர மண்ணில் விரலால் வாய்க்கால் கிழித்தேன். பாத்திகள் கட்டினேன். அவர் அறுபது என்றதும் ஒன்றை அடைத்து அடுத்ததைத் திறந்தேன். நாலைந்து நாள் கழித்து, கண்ணைத் திறக்காமலே அப்பா பேசினார்.

"எந்தப் பாத்தி?"

"மூணாவது, நைனா. கத்திரிக்கா."

"அதுக்கு நாப்பது போதும். வேர் அழுவிடும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கத்தரிக்கு நாற்பதுதான் இறைத்தோம். நிலம் போனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒருநாள் நல்ல மழை. வைக்கோல்போர் ஒதுங்கலில் நனையாமல் ஒண்டிக்கொண்டு அப்பா அப்போதும் இறைத்துக்கொண்டிருந்தார்.

"மழ பெய்தே நைனா, இன்னாத்துக்கு எறைக்கிற?"

"இங்க பெய்து. அங்க பெய்தோ இன்னாவோ."

இதற்குள் மாமா ஊரில் சொல்லிவிட்டிருந்தார். பஜனைக் கோஷ்டி மொத்தமும் வாழைப்பழமும் கற்பூரமுமாக வந்தது. அப்பாவுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து அவர்களும் கண்ணை மூடினார்கள். மாமா மூன்றாவது நிமிஷம் குறட்டை விட்டார். அவர்களில் ஒருவர் என் பாத்திகளைப் பார்த்துவிட்டு, பெண் குழந்தை சக்கரம் வரைகிறது என்று கும்பிட்டார். அதில் காலை வைத்து ஐந்தாம் பாத்தியை மிதித்துவிட்டார் என்பதுதான் எனக்கு வருத்தம். கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்கு உயிரில்லை. பகல் முழுவதும் அப்பாவின் பையையும் குடையையும் நெல் குதிருக்குள் ஒளித்து வைப்பாள், வெளியே எடுப்பாள், இடம் மாற்றி மறுபடி ஒளிப்பாள்.

போகிக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஒரு காலையில் அப்பா பாதி எண்ணிக்கையில் கண்ணைத் திறந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஒரு நட போய்ப் பாத்துட்டு வரலாம், வா கண்ணு."

ஓடிப் போய்ச் சொல்ல வேண்டியதுதான் என் கடமை. ஆனால் அம்மா துணி துவைக்க ஏரிக்குப் போயிருந்தாள். அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் காவல் உத்தியோகம் அத்துடன் போயிற்று.

தண்டவாளத்தை ஒட்டியே நடந்தோம். கால் வலித்தபோது தோளில் தூக்கிக்கொண்டார். ஆவடியில் எங்கள் நிலம் எது என்று எனக்குத் தெரியவில்லை. முள்கம்பி வேலியும் தகரக் கொட்டகைகளும் லாரிகளுமாக இருந்தது. பூவரச மரத்தை வைத்து அப்பாதான் கண்டுபிடித்தார். மரம் இருந்தது. பக்கத்தில் கிணறு இல்லை. அந்த இடத்தில் செம்மண் கொட்டிச் சமமாக்கியிருந்தார்கள். அதன்மேல் ஒரு லாரி நின்றது.

"கெணத்த தூத்துட்டாங்கோ" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. யாரோ ஊருக்குப் போய்விட்டதைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

வேலிக்கு வெளியே நின்றபடியே கண்ணை மூடினார். காவலுக்கு நின்ற சிப்பாய் ஏதோ இந்துஸ்தானியில் அதட்டிப் பார்த்துவிட்டு, இவர் அசையாததைக் கண்டு, நமக்கென்ன என்று விட்டுவிட்டான். அப்பா நின்றுகொண்டே இறைத்தார். விட்ட இடத்திலிருந்து அறுபது வரை போனார். அறுபதுக்குப் பிறகு புள்ளையாரே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"மடைய அடைச்சுடு கண்ணு."

"எந்தப் பாத்தி நைனா?"

"எல்லாந்தான்."

லாரியிலிருந்து சிந்திய செம்மண் வேலிக்கு இந்தப் பக்கமும் குவியலாகக் கிடந்தது. ஒரு பிடி அள்ளித் தரையில் வைத்து அழுத்தினேன். அப்பா குனிந்து இன்னொரு பிடியை அதன்மேல் வைத்துத் தட்டினார். கன்றுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி மெதுவாகத் தட்டினார். பிறகு துண்டை விரித்து அதே மண்ணை நிறைய அள்ளி முடிந்துகொண்டார்.

"பொங்கலுக்கு வாசல்ல பூசலாம். காவி தீந்துபோச்சுன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிகினு கீறா."

நாங்கள் திரும்பியபோது வீடு எழவு வீடாக இருந்தது. அம்மா வாசல்படியில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். மாமா ஒரு மாலையை எடுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடியிருந்தார். அப்பாவைத் தடுக்கப் போனாரா வழியனுப்பப் போனாரா என்று பின்னால் கேட்டபோதும் அவர் தெளிவாகச் சொன்னதில்லை. அப்பாவைப் பார்த்ததும் அம்மா எழுந்தாள். அடுத்த நொடி துண்டு முடிச்சில் சிவப்பாகத் தெரிந்த மண்ணைப் பார்த்தாள். அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"மண்ணும் வந்துச்சா? இனி வேட்டிய தோய்க்க வேண்டிதுதான் பாக்கி. பொம்பளப் புள்ளய வச்சிகினு நா இன்னா பண்ணுவேன்?"

அப்பாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. துண்டைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், மாதம் முழுவதும் காவி பூசாத வாசலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆவடியை விட்டு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாவுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார்.

"இது வாசக் கோலத்துக்கு மே. நா எங்க போவப் போறேன்? ஒரு பாத்திக்குத் தண்ணி கட்டவே எனக்கு ஆள் வேணும்."

அம்மா அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள். அவள் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அது. எங்கள் கிணற்றைத் தூர்த்த மண்ணால் அந்தப் பொங்கலுக்கு எங்கள் வாசலில் கரை கட்டினாள். தெருவிலேயே எங்கள் வாசல்தான் அதிகச் சிவப்பு.

போகியன்று காலையில் அப்பா வழக்கம்போல வைக்கோல்போர் ஓரம் போய் உட்கார்ந்தார். நானும் போனேன். பாத்தி கட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் உதடு அசையவில்லை. கைகள் திரும்பவில்லை. மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

"எறைக்கலயா நைனா?"

"பாஞ்சாச்சி கண்ணு."

"அப்ப இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற?"

"சும்மா" என்றார்.

உதடு அசையாததை மாமாவும் இரண்டு நாளில் கவனித்துவிட்டார். மந்திரம் மறந்து போய்விட்டது, சக்தி போய்விட்டது என்று பஜனைக் கோஷ்டியிடம் வருத்தத்தோடு சொன்னார். வாழைப்பழம் நின்றது. மாமா வேறு மகானைத் தேடப் போனார். அம்மா பையையும் குடையையும் பழைய ஆணியில் மாட்டினாள்.

எனக்கு மட்டும் அப்பாமேல் கோபம். கத்தரி காய்ந்து போகாதா? இவர் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தால் யார் இறைப்பது? அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். புள்ளையாரே, ரெண்டு, மூணு. கத்தரிக்கு நாற்பது, மற்றதற்கு அறுபது. நானே அடைப்பேன், நானே திறப்பேன். மாசி மாதம் வரை அப்படி இறைத்தேன். பிறகு ஒருநாள் விளையாட்டில் மறந்துபோனேன், அப்படியே விட்டுப்போயிற்று.

அத்தனை நாளும் அப்பா என்னைத் தடுக்கவில்லை. வெயில் ஏறினாலும், அம்மா கூழ் குடிக்கக் கூப்பிட்டாலும், நான் கடைசிப் பாத்தியை அடைக்கும்வரை எழுந்திருக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சோம்பேறியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்துவிட்டது, என்னுடையதற்கும் பாயட்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.