அப்பாவுக்கு ஓர் ஊர்ப்பெயர்

சாவதற்குள் குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கடவுச்சீட்டு வந்துவிட்டது. பதுளையிலிருந்து இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போகும் குழுவில் இடமும் இருக்கிறது. ஆனால் எங்கள் கோயில் எந்த ஊரில் என்று சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் பாட்டனாரைக் கங்காணி தேயிலைத் தோட்ட வேலைக்குக் கூட்டிவந்தது திருச்சிப் பக்கத்திலிருந்து. அதோடு சரி.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், அரசாங்கக் கந்தோர்க் கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போது இதுவும் வந்து சேர்ந்தது.

ஹாலிஎலயில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஓர் இணையதளத்தைக் காட்டினார். பழைய குடிசனக் கணக்கெடுப்பு ஏடுகளை யார் யாரோ சும்மா உட்கார்ந்து தட்டச்சு செய்து, எல்லோரும் இலவசமாகத் தேடும்படி போட்டிருக்கிறார்கள். பெயரைக் கொடுத்தால் வயது, தொழில், பிறந்த ஊர் வரும். இதைக் கேட்டதிலிருந்து அப்பா விடவில்லை.

மடுல்சீமைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது. சனிக்கிழமைகளில் நான் வீட்டுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, சிக்னல் கிடைக்கும் ஃபேக்டரி வளைவில் அப்பா நிற்பார். உடம்பெல்லாம் பஸ் குலுக்கலோடு அங்கிருக்கும் மதிலில் உட்கார்ந்து தேடுவேன். அங்கே இருப்பவை வெள்ளைக்காரர்களின் ஊர் ஏடுகள்தான் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பாட்டனார் பெயரை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை, அலுத்துப்போய், ஃபேக்டரிச் சுவரில் பதித்த கல்லில் வெட்டியிருக்கும் பழைய வெள்ளைக்காரத் துரையின் பெயரை அடித்தேன். உடனே வந்தது.

"கெடச்சிருச்சா பாப்பா?"

"உங்க தாத்தா இல்லப்பா. இந்தக் கல்லுல இருக்க தொரை. சின்னப் பையனா இருந்தப்ப எழுதினது. தொழில்னு போட்ட எடத்துல, பள்ளிக்கூடத்துல படிக்கிறான்னு இருக்கு."

"எந்த ஊராம்?"

வாசித்தேன். எங்கள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர். துரை தன் ஊர்ப் பெயரைத்தான் இங்கே தோட்டத்துக்கு வைத்திருக்கிறார்.

"அட, நம்ம விலாசத்துல எழுதுறது அவரு ஊரா?" அப்பா சிரித்தார். "அந்த வீட்டு ஆளுங்கள்ல கடைசியில எழுதியிருக்கது யாரு?"

"வேலைக்காரப் பொண்ணு. அவ பொறந்த ஊரும் இருக்கு."

"அவளுக்கும் இருக்கா? நம்மள எழுதலயா?"

"தலைய எண்ணியிருப்பாங்கப்பா. இதுல நம்ம பேரும் இல்ல, ஊரும் இல்ல. என்னால கண்டுபிடிக்க முடியலப்பா."

தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று முனகிக்கொண்டு வளைவில் ஏறியது. அப்பா மதிலோரம் ஒதுங்கி அதற்கு வழி விட்டார்.

"சரி. என்னயத் திருச்சில எறக்கிவிடச் சொல்லு. மத்தவங்க கோயில் சுத்தட்டும். நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். இந்த மூக்கப் பாத்து, நீ யாரு வீடுன்னு ஒருத்தராச்சும் கேக்காமயா போயிருவாங்க?"

வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னார்.

"பொலிஸ்காரன் கேப்பான்" என்றார் அம்மா.

திங்கட்கிழமை பதுளையில் அப்பாவின் பெயரைப் பதியப் போனேன்.

"எந்தக் கோயிலுக்குங்க?" என்று கேட்டார் குழுவை நடத்துபவர்.

"திருச்சி வரைக்கும்" என்றேன்.